பெட்ரோலில் கலப்பது அவர்கள், கார்பரேட்டர் மாற்றுவது நாமா?



ராசிபுரம், சேந்தமங்கலம், ஆத்தூர், தலைவாசல் என்று எந்தப் பக்கம் ஊர்க்கூட்டம் போட்டாலும் இப்போது ஒரே புலம்பல்தான். "பவர் ஸ்பிரேயர் கிளம்ப மாட்டேங்குதுங்க." "கிளம்பினாலும் ரெண்டு பாத்தி போறதுக்குள்ள நின்னு போகுது." "சோக்கு போட்டாத்தான் ஓடுது." கடைக்குக் கொண்டுபோனால் ஒரே பதில்: "கார்பரேட்டர் போச்சு, மாத்தணும்." காசைக் கொட்டி மாற்றிக்கொண்டு வந்தால், அடுத்த வெள்ளாமைக்குள் மறுபடியும் அதே கதை.

இது சின்ன விஷயமா? 2018-லிருந்து மக்காச்சோளத்தில் படைப்புழு. 2020-லிருந்து மரவள்ளியில் மாவுப்பூச்சி. புழு குருத்துக்குள் இறங்கிய பிறகு மருந்தடித்து என்ன பயன்? மருந்தடிக்க வேண்டிய ரெண்டு நாளில் மெஷின் நின்றால் ஒரு போகமே போச்சு. பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். வண்டியில் பால் கேன் கட்டிப் போகிறவருக்கும் இதே பாடுதான்.

எல்லாப் பழுதுக்கும் ஒரே காரணம் என்று நாம் சொல்லவில்லை. அழுக்குக் கேன், அடைத்த பில்டர், ஆயில் அளவு தப்புவது எல்லாம் உண்டு. ஆனால் யாரும் வாய் திறந்து சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அதுதான் பெட்ரோலில் கலக்கும் எத்தனால்.

எத்தனால் என்றால் சாராயம். அது மூன்று வேலை செய்கிறது.

ஒன்று: எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. கார்பரேட்டர் ஜெட் என்பது பெட்ரோலுக்கென்று அளந்து போட்ட ஓட்டை. அதே ஓட்டையில் எத்தனால் கலந்து வந்தால், காற்றுக்குத் தக்க எரிபொருள் பற்றாமல் போகிறது. இன்ஜின் சூடேறுகிறது, திணறுகிறது. புதுக் காரில் கம்ப்யூட்டர் இருந்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். நம்ம முதுகில் தொங்குகிற ஸ்பிரேயரில் கம்ப்யூட்டரா இருக்கு?

இரண்டு: அதற்கென்று செய்யாத ரப்பர் டியூப், டயாபிரம், சீல் இவற்றை ஊறவைத்து உப்பவோ, விறைக்கவோ வைக்கிறது.

மூன்று: தண்ணீரை இழுக்கிறது. அளவு மீறித் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். டூ ஸ்ட்ரோக் ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். இன்ஜின் இழுப்பதோ அடியிலிருந்து. ஆயில் இல்லாமல் ஓடினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கார்பரேட்டர் செலவு இல்லை, இன்ஜின் செலவு!

ஆகவே கடைக்குப் போகும் முன் நீங்களே பாருங்கள். அடுப்பு, பீடி பக்கத்தில் வேண்டாம்.

1. டேங்கு பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் வடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். ரெண்டு அடுக்காகப் பிரிந்தால் அதை இன்ஜினில் ஊற்றவே கூடாது.

2. டேங்கு மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். இன்ஜின் நிற்காமல் ஓடினால் மூடியின் காற்றுத் துளைதான் அடைப்பு. கார்பரேட்டர் மேல் குற்றமில்லை.

3. பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை: பில்டர், டியூப், ஜெட் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி இல்லை.

4. ஜெட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், அளவு கெட்டுவிடும். புல் வெட்டும் மெஷினில் பெரும்பாலும் டயாபிரம் விறைத்துப்போனதுதான் பழுது. டயாபிரம் மட்டும் மாற்றினால் போதும், முழு கார்பரேட்டர் எதற்கு?

5. ஆயிலைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. எது என்பது மெஷின் புத்தகத்தில் இருக்கும்.

6. வேலை முடிந்து பத்து பதினைந்து நாள் சும்மா வைப்பதானால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட விட்டு வையுங்கள்.

பங்கில் எவ்வளவு கலக்கிறார்கள் என்பதையும் நீங்களே பார்க்கலாம். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 90 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு இறங்கிவிடும். அடியில் 10 மில்லி நிற்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 28 மில்லி நின்றால் 20 சதவீதக் கலப்பு.

இப்போது அரசைக் கேட்போம். நாம் எத்தனாலுக்கு எதிரியா? இல்லவே இல்லை! நம்ம கரும்பும் மக்காச்சோளமும் அதற்குப் போகின்றன. 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கையில் மரவள்ளியின் பெயரும் இருக்கிறது. நம் விளைச்சலுக்கு விலை கிடைத்தால் வரவேற்போம். ஆனால் 2030-க்கு என்று வைத்த 20 சதவீத இலக்கை 2025-26-க்கு இழுத்தார்களே, நம் கையில் இருக்கும் மெஷினை யார் நினைத்தார்கள்?

2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே, பழைய வடிவமைப்பில் வந்த இருசக்கர வண்டிகளுக்கு மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்றது. பழைய வண்டிகளுக்காக 10 சதவீதக் கலப்பும் கிடைக்க வேண்டும் என்றது. எங்கே அந்த 10 சதவீதப் பெட்ரோல்? கலப்பில்லாத பெட்ரோலும் கேட்டுப் போட்ட பொதுநல வழக்கு 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. அமெரிக்காவில் 15 சதவீதக் கலப்பு விற்கும் பம்பில், சிறு இன்ஜின் மெஷின்களுக்கு இதை ஊற்றாதே என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று 2011-லேயே விதி போட்டார்கள். அவன் புல் வெட்டுகிற மெஷினுக்கு இருக்கிற மரியாதை, சோறு போடுகிற நம்ம ஸ்பிரேயருக்கு இல்லையா?

நமது கோரிக்கைகள்:

* ஒவ்வொரு பங்கிலும் எத்தனால் எத்தனை சதவீதம் என்று தமிழில் எழுதி வை!

* சிறு இன்ஜின்களுக்கு, வட்டாரத்துக்கு ஒரு பங்கிலாவது 10 சதவீதத்துக்கு மேல் கலக்காத பெட்ரோல் கொடு!

* மானியத்தில் கொடுக்கும் ஸ்பிரேயரும் புல் வெட்டும் மெஷினும் 20 சதவீதக் கலப்பைத் தாங்கும் என்று எழுத்தில் உத்தரவாதம் கொடு! தமிழ்ப் புத்தகமும் டயாபிரம், டியூப் செட்டும் சேர்த்துக் கொடு!

* வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் வட்டாரந்தோறும் இலவசப் பழுதுநீக்கும் முகாம் நடத்து!

உழவர் பெருமக்களே! கெட்டுப்போன டயாபிரத்தைக் குப்பையில் போடாதீர்கள். பில்லோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். ஊருக்கு ஊர் தீர்மானம் போடுவோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு அவற்றோடு போய் மனுக் கொடுப்போம். தனித்தனியாகப் போனால் கடைக்காரர்கூட நின்று பதில் சொல்ல மாட்டார். திரண்டு போனால் ஆட்சியர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கலப்பது அரசு! கட்டணம் உழவனுக்கா?
ஒன்றுபடுவோம்! உரிமை கேட்போம்!