சிங்கிள் கோட்டை எண்ணாதீர்கள்!



மலருக்குக் கவிதை எழுதித் தா என்றார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் எறும்பளவு ஒரு குறி எங்களைப் படுத்திய பாட்டை எழுதுகிறேன். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

நான் ஏற்காடு அடிவாரத்துப் பையன். எங்கள் தெருவைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு மேலே ஊர். கடைசி வருட புராஜெக்டுக்காக, அடிவாரத்தில் வாடகைக் கார் விடும் ஒரு அண்ணனுக்கு நானும் என் நண்பனும் புக்கிங் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தோம். தேதி, வண்டி, இடம் என எதை வைத்தும் தேட வேண்டும் என்றார். எனவே தேடும் ஸ்டோர்டு புரொசீஜருக்குள் எஸ்.க்யூ.எல். வாக்கியத்தைத் துண்டு துண்டாக ஒட்டி ஓடவிட்டோம். இதற்குப் பெயர்தான் டைனமிக் எஸ்.க்யூ.எல்.

பகோடா பாயிண்ட் என்று தேடினால் வந்தது. லேடீஸ் சீட் என்று தேடினால் எர்ரர்! ஏன்? ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு நடுவே ஒரு சிங்கிள் கோட் நிற்கிறது. ஒட்டிய வாக்கியம் இடம் = 'லேடி'ஸ் சீட்' என்று ஆகிவிடும். 'லேடி' என்பதோடு பெயர் முடிந்தது என்று சர்வர் நினைக்கிறது. மிச்சமுள்ள 'ஸ் சீட்' அதற்குப் புரியவில்லை. பேர்ஸ் கேவ் (கரடிக் குகை) என்று தேடினாலும் இதே கதைதான்.

"அட, கோட்டை ரெண்டாப் போட்டா சரியாயிடும்டா" என்றான் நண்பன். அது உண்மைதான். பெயருக்குள் இரண்டு கோட் சேர்ந்து வந்தால் சர்வர் அதை ஒன்றாகப் படிக்கும். ஆனால் அவன் அதைச் செய்த இடம் தப்பு. ஸ்கிரீனில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு ஃபங்ஷனில் இரட்டிப்பாக்கினான். தேடுதல் சரியானது, எங்களுக்கு ஒரே குஷி.

பதிவு செய்யும் புரொசீஜரோ ஒட்டு வேலை இல்லாதது. கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். அதனால் புதிய புக்கிங்குகள் எல்லாம் இரண்டு கோட்டோடு டேபிளில் உட்கார்ந்தன. தேடுவதோ ஒரு கோட் உள்ள பெயரை. பழையவை வந்தன, புதியவை வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு அடிவாரத்தில் ஒன்றரை மணி நேரம் வண்டிக்குக் காத்திருந்தது. லிஸ்டில் அவர்கள் பெயரே இல்லை! அந்த அண்ணன் திட்டவில்லை. "தம்பி, நோட்டுல எழுதியிருந்தா இது நடந்திருக்காது" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நம்மில் பலர் கோட்டை எண்ணிப் போடுவதையே திறமை என்று நினைக்கிறோம். வாக்கியத்துக்குள் வாக்கியம் வைத்தால் 1 கோட் 2 ஆகும், 2 நான்காகும், 4 எட்டாகும். எட்டுக் கோட்டை எண்ணி ஜெயிப்பது வித்தையாக இருக்கலாம், வேலையாகாது. மதிப்பை வாக்கியத்தில் ஒட்டவே கூடாது என்பதுதான் என் கட்சி.

எஸ்.க்யூ.எல். சர்வரில் எஸ்.பி. எக்ஸிக்யூட் எஸ்.க்யூ.எல். இருக்கிறது. வாக்கியத்தில் இடம் = @இடம் என்று மட்டும் எழுதி, மதிப்பைத் தனியாக அனுப்பலாம். ஆரக்கிளிலும் போஸ்ட்கிரஸிலும் எக்ஸிக்யூட்டோடு யூஸிங் சேர்க்கலாம். மதிப்பு வாக்கியத்தோடு கலப்பதே இல்லை. பிறகு எத்தனை கோட் வந்தால் என்ன? டேபிள் பெயர், காலம் பெயரை மட்டும் இப்படி அனுப்ப முடியாது. அவற்றை அனுமதித்த பட்டியலோடு ஒப்பிட்டு, கோட்நேம் வழியாகச் சேர்க்க வேண்டும். எர்ரர் வந்தால் முதல் வேலை, ஒட்டிய வாக்கியத்தை பிரிண்ட் போட்டுக் கண்ணால் பார்ப்பது. நாங்கள் அதைச் செய்யாமல் இரண்டு நாள் வீணடித்தோம்.

"ஸ்டோர்டு புரொசீஜர் என்றாலே பாதுகாப்பு" என்பதும் தப்பு. உள்ளே ஒட்டினால் அங்கேயும் ஓட்டைதான். வேண்டுமென்றே கோட்டை மூடிவிட்டு, பின்னால் தன் கட்டளையை எழுதுகிறவன் இருக்கிறான். இந்தத் தாக்குதலை 1998 டிசம்பரிலேயே பிராக் என்ற இதழ் விளக்கிவிட்டது. 17 வருடம் கழித்து, 2015 அக்டோபரில், இங்கிலாந்தின் டாக்டாக் நிறுவனத்தில் இதே வழியாக ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர் விவரம் திருடுபோனது. 2016-ல் அபராதம் 4 லட்சம் பவுண்டு.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு தாழ்மையான வேண்டுகோள். புராஜெக்ட் வைவாவில் 'ராஜா', 'குமார்' என்று மட்டும் டைப் அடித்துப் பார்க்காதீர்கள். லேடீஸ் சீட்டை ஆங்கிலத்தில் அடியுங்கள். டிசோசா என்று அடியுங்கள். தாங்காத புராஜெக்டுக்கு மார்க் குறையுங்கள். முதலில் எங்களுடையதற்கே குறையட்டும்.

நாங்கள் திருத்தியாகிவிட்டது. டேபிளில் இருந்த இரட்டைக் கோட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். ஆனாலும் அந்த அண்ணன் இன்றுவரை பக்கத்தில் ஒரு நோட்டும் வைத்திருக்கிறார். அந்த நோட்டை அவர் மூடும் நாளில்தான் எங்கள் புராஜெக்ட் பாஸ் என்பேன்.