ஹேக்கரைத் திட்டினது போதும்

2023 ஓகஸ்ட் 26. இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேர்வருக்குள்ள ரான்சம்வெயார் புகுந்தது. மே 17 இலிருந்து அன்றைக்கு வரை வந்த, போன மின்னஞ்சல்கள் அழிஞ்சு போச்சு. கிட்டத்தட்ட 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகமும் அதுக்குள்ள. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதுக்கான ஆதரவை அந்த ஏப்ரலிலேயே மைக்ரோசொப்ட் நிறுத்திட்டுது. 2021 இலிருந்தே புதுப்பிக்கத் திட்டம் இருந்ததாம், காசு இல்லையாம், முந்தின பணிப்பாளர் சபையின் முடிவுகளும் தடையாம். இது பொறுப்பான நிறுவனமான ஐசிடிஏ சொன்ன விளக்கம். நாளாந்தம் ஒஃப்லைன் பிரதி எடுக்கப்போறம் என்டு சொன்னதும் எல்லாம் முடிஞ்ச மறுகாதான்.

காசுக் கதையை நாங்க பாதிதான் நம்புறம். எக்ஸ்சேஞ்ச் லைசென்சுக்குக் காசு வேணும், சரி. எந்த இயந்திரத்தில எந்தப் பதிப்பு கிடக்கு, கடைசிப் பிரதி எப்ப எடுத்தது என்டு பார்க்க என்ன காசு?

சேர்வர்களை ஒவ்வொன்றாய்த் தொட்டுத் திருத்தாமல் எழுத்தில வைச்சு நடத்துற வேலை புதுசில்ல. 1993 இல் ஒஸ்லோவில மார்க் பேர்ஜஸ் சிஎஃப்எஞ்சினைத் தொடங்கினார். 2005 இல் பப்பெட், 2012 இல் அன்சிபிள். மூன்றையும் காசில்லாமல் எடுக்கலாம். அன்சிபிள் என்ட பெயர் உர்சுலா லெ குவின் 1966 இல் எழுதின நாவலில வாற, கிரகங்களுக்கு இடையில உடனுக்குடன் பேசுற கருவியின் பெயர். "இது ஐடி பொடியன்மாரின்ட விஷயம்" என்டு ஒதுங்குற கலைப்பீடத்துக் கூட்டாளிகளுக்காக இதைச் சொல்லி வைக்கிறம்.

அன்சிபிளில கட்டளைகளை வரிசையாய் எழுதுறதைவிட, இயந்திரம் எப்படி இருக்கோணும் என்டுதான் எழுதுவாங்க. இந்த மென்பொருள் இந்தப் பதிப்பில, இந்தச் சேவை ஓடிக்கொண்டு, கடைசிப் பிரதி 24 மணித்தியாலத்துக்கு மேல பழசென்டால் நின்டு கத்தோணும். லினக்ஸுக்கு எஸ்எஸ்எச் வழியாய்ப் போகும், விண்டோஸுக்குப் பெரும்பாலும் வின்ஆர்எம் வழியாய். நீ யார் என்டு முதலில கேட்கும். உபுண்டு என்டால் ஏபிடி, ரெட் ஹற் என்டால் டிஎன்எஃப். விண்டோஸுக்குத் தனி மொட்யூல்கள் எழுதத்தான் வேணும். ஒரே வரி எல்லாத்துக்கும் போதும் என்டு விற்கிறவன் பொய் சொல்லுறான். வடமோடியிலயும் தென்மோடியிலயும் கதை ஒன்டா இருக்கலாம், ஆட்டமும் உடுப்பும் வேறதானே. அதே கோப்பைத் திரும்ப ஓட்டினால், சரியா இருக்கிறதைத் தொடாது. விலகினதை மட்டும் திருத்தும்.

எங்கட அலுவலகங்களில சேர்வர் ஒருத்தரின்ட தலைக்குள்ள இருக்கு. அவர் இடமாற்றம் போனால், வெளிநாடு போனால், வாறவர் தடவித்தான் பிடிக்கோணும். கூத்துக் கொப்பி அண்ணாவியாரின்ட பெட்டிக்குள்ளயே கிடந்து கறையான் தின்ட கதை மட்டக்களப்பாருக்குத் தெரியாததில்ல.

பெரியகல்லாறு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. 2004 இல் கடல் வந்தபோது எங்கட சனத்தின்ட காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வீட்டோட போச்சு. பதிவு வேறொரு கந்தோரில இருந்தவை திரும்ப எடுத்தாங்க. இப்ப அந்தப் பதிவுகளையெல்லாம் டிஜிட்டல் ஆக்கப்போறாங்களாம், டிஜிட்டல் அடையாள அட்டையும் வரப்போகுதாம். வரட்டும். ஆனா 5,000 பேரின்ட கடிதத்துக்கு மூன்று மாசம் வேற பிரதி வைக்காத அரசாங்கத்திட்ட எங்கட உறுதியைக் குடுக்க முதல் கேட்கோணும்: சேர்வர்களின்ட நிலை எந்தக் கோப்பில எழுதிக் கிடக்கு? அதைக் கடைசியா ஓட்டினது எப்ப? எதெல்லாம் விலகிக் கிடந்தது? கடவுச்சொல்லை நாங்க கேட்கல்ல. இந்த மூன்றுக்கும் விடையைத் தகவலறியும் சட்டத்தில எழுதிக் கேட்கலாம், 2017 இலிருந்து அந்த உரிமை நடைமுறையில இருக்கு. களுவாஞ்சிகுடி பிரதேச செயலகத்துக்கு முதல் கடிதத்தை நாங்க எழுதுறம். உங்கட ஊர்ச் செயலகத்துக்கு நீங்க எழுதுங்க.