ஒரே பையில் இரண்டு நிறைகற்கள்



செயற்கை மார்பகங்களைக் குறித்துப் போதகர் எழுதுவது தகுமோ என்று சிலர் எண்ணக்கூடும். மனித சரீரத்தினுள் வைக்கப்படும் பொருளிலே வஞ்சகம் கலந்தபோது, அதைக் குறித்து நாம் மௌனமாயிருப்பதே தகாது என்று நான் நினைக்கிறேன்.

பிரான்சு தேசத்தின் தென்கரையிலுள்ள லா செய்ன் சூர் மேர் என்னும் ஊரில், 1991-ஆம் ஆண்டு பி.ஐ.பி. என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. சிலிக்கோன் ஜெல் நிரப்பிய செயற்கை மார்பகங்களை அது பல நாடுகளுக்கு விற்றது. அவற்றின் உறை அடிக்கடி கிழிவதாக மருத்துவர்கள் முறையிட்டதால், 2010 மார்ச்சில் அத்தேசத்தின் சுகாதாரப் பாதுகாப்பு அதிகாரிகள் தொழிற்சாலையைச் சோதித்தார்கள். மருத்துவப் பயன்பாட்டுக்கு அங்கீகாரம் பெற்ற ஜெல்லுக்குப் பதிலாக, தொழிற்சாலைப் பயனுக்கான மலிவான சிலிக்கோன் நிரப்பப்பட்டது வெளிப்பட்டது. விற்பனை உடனே தடைசெய்யப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 3,00,000 பெண்களின் சரீரத்தில் அப்பொருள் வைக்கப்பட்டிருந்தது. பிரான்சில் மட்டும் 30,000 பேர். அவர்களில் பலர், புற்றுநோயினால் மார்பகத்தை இழந்த பின் அதைப் பெற்றுக்கொண்டவர்கள். 2011 டிசம்பரில், முன்னெச்சரிக்கையாக அவற்றை அகற்றிவிடும்படி பிரெஞ்சு அரசு அறிவுறுத்தியது. 2013-இல் மார்செய் நீதிமன்றம் நிறுவனரான ழான் குளோது மாஸுக்கு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

அழகின்மேல் ஆசைப்பட்டதனால் வந்த வினைதானே என்று ஒருவர் என்னிடம் சொன்னார். சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் மடிந்தபோதும் இப்படிப்பட்ட எண்ணமே மக்களுக்குள் எழுந்தது. மடிந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற எண்ணத்தை ஆண்டவர் ஏற்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனந்திரும்ப அழைத்தார். ஒரு பெண் எந்தக் காரணத்துக்காக அறுவை மேசையில் படுத்தாள் என்பதை ஆராய நாம் நியாயாதிபதிகள் அல்ல. அவள் நம்பினாள், அந்த நம்பிக்கை விற்கப்பட்டது. குற்றம் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் குற்றத்துக்கு வேதத்தில் பழைய பெயர் உண்டு. ஒரே பையில் பெரிதும் சிறிதுமான நிறைகற்களை வைத்திருப்பதை உபாகமம் விலக்குகிறது. அந்நிறுவனத்திலும் இரண்டு ஜெல்கள் இருந்தன: ஏடுகளில் காட்ட ஒன்று, உறைகளில் நிரப்ப ஒன்று. ஆய்வாளர்கள் முன்னறிவித்துவிட்டே வந்தார்கள். வருமுன் மலிவான பொருளின் தடயங்கள் மறைக்கப்பட்டன. தரச்சான்று இருந்தது, முத்திரை இருந்தது, சத்தியம் மட்டும் இல்லை. இதைச் செய்தது ஒரு மனிதனின் கை மாத்திரம் அல்ல. அறிந்தும் வாய்திறவாத கைகள் பல. நம்மில் கணக்கு எழுதுகிறவர்களும், மருந்து விற்கிறவர்களும், கட்டடம் கட்டுகிறவர்களும் இருக்கிறோம். ஆய்வாளர் வராத நாளில் நம் பையில் எந்தக் கல் இருக்கிறது?

இதை வாசித்து அஞ்சுகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பி.ஐ.பி. உறைகள் கிழியும் வாய்ப்பு மற்றவற்றைப்போல ஏறத்தாழ இருமடங்கு என்று பிரித்தானிய ஆய்வு கண்டது. ஆனால் அந்த ஜெல் புற்றுநோயை விளைவிப்பதாக அது காணவில்லை. 2019 ஜூலையில் அல்லர்கன் நிறுவனத்தின் சொரசொரப்பான மேற்பரப்புடைய வகை உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அதற்குக் காரணம் அரிதான ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய். அப்போதும், அறிகுறி இல்லாதவர்கள் அதை அகற்ற வேண்டும் என்று அமெரிக்க அதிகாரிகள் சொல்லவில்லை. ஆகவே கலங்காதிருங்கள், அசட்டையாகவும் இராதேயுங்கள். உள்வைத்த பொருளின் பெயரும் எண்ணும் எழுதிய அட்டையைப் பத்திரமாக வையுங்கள். வீக்கமோ வலியோ உருமாற்றமோ கண்டால் வெட்கத்தினால் மறைக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

அப்படிப்பட்ட ஒருத்தி நம் சபையில் தன் வேதனையைச் சொல்லத் துணிந்தால், அவளிடம் காரணம் கேட்காமல் அவளோடு மருத்துவமனைக்குச் செல்பவர்களாய் நாம் இருப்போமாக.

ஆமென்.