முதுகுக்கு நெட்டி முறிக்கும் முன்

டிக்டாக் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். ஒருவர் மேசைமேல் குப்புறப் படுத்திருப்பார். இன்னொருவர் அவர் முதுகில் இரு கைகளையும் ஊன்றி ஓர் அழுத்து அழுத்துவார். ‘படக்’ என்று சத்தம் கேட்கும். படுத்திருந்தவர் எழுந்து, தோளில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் சிரிப்பார். கீழே ஆயிரக்கணக்கில் கருத்துகள்: “எனக்கும் இது வேண்டும்!”

இந்தச் சிகிச்சையின் பெயர் கைரோபிராக்டிக். சிங்கப்பூரில் இதைச் செய்யும் நிலையங்கள் பல இருக்கின்றன. அவற்றின் வாடிக்கையாளர்களில் நம் வயதினரும் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. மடிக்கணினி முன் மணிக்கணக்கில் குனிந்திருக்கிறோம். புத்தகப் பை சுமக்கிறோம். தேசிய சேவையில் அதைவிடப் பெரிய பையைச் சுமக்கிறார்கள். முதுகுவலி முதியவர்களுக்கு மட்டும் வருவதில்லை. 2020ல் உலகம் முழுவதும் 619 மில்லியன் பேர் கீழ்முதுகுவலியுடன் இருந்தார்கள் என்றும், 2050க்குள் அது 843 மில்லியனாக உயரக்கூடும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நான் மருத்துவ மாணவி அல்ல. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு புள்ளியியல் படிக்கிறேன். எங்களுக்கு முதலில் கற்றுத்தரப்படும் கேள்வி ஒன்றுதான்: “எதோடு ஒப்பிட்டு?” ஒரு மருந்து வேலை செய்கிறது என்றால், எதோடு ஒப்பிட்டு? ஒரு துணைப்பாட வகுப்பு மதிப்பெண்ணைக் கூட்டியது என்றால், எதோடு ஒப்பிட்டு? முதுகை அழுத்தும் கைகளிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலில் இதன் கதை. 1895ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டி. டி. பால்மர் என்பவர், காது சரியாகக் கேட்காத ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவாளரின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்ததாகவும், உடனே அவருக்குக் காது கேட்டதாகவும் கூறினார். அதிலிருந்து பால்மர் ஒரு கோட்பாட்டையே உருவாக்கினார். முள்ளெலும்புகள் இடம் பெயர்வதால்தான் 95 விழுக்காட்டு நோய்கள் வருகின்றன என்றார். அந்த இடப்பெயர்வுக்கு ‘சப்லக்சேஷன்’ என்று பெயர்.

இன்றும் சில நிலையங்களில் “உங்கள் எலும்பு விலகியிருக்கிறது, அதை மீண்டும் இடத்தில் வைக்கிறோம்” என்று சொல்வதன் வேர் இதுதான். ஆனால், பிரிட்டனில் கைரோபிராக்டர்களை ஒழுங்குபடுத்தும் பொது கைரோபிராக்டிக் மன்றமே 2010ல், சப்லக்சேஷன் ஒரு வரலாற்றுக் கருத்து மட்டுமே, அது நோய்க்குக் காரணம் என்று சொல்ல ஆய்வு ஆதாரம் இல்லை என்று அறிவித்துவிட்டது.

அப்படியானால் அந்தச் சத்தம்? விரலில் நெட்டி முறித்தால் வருமே, அதே சத்தம்தான். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறையும்போது வாயுக்குழி உண்டாவதோடு தொடர்புடையது அது. எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்ததற்கான அறிவிப்பு அல்ல.

கோட்பாடு தவறு என்பதால் சிகிச்சையும் வீண் என்று முடிவு கட்டலாமா? கூடாது. காரணம் தவறாகச் சொல்லப்பட்டிருந்தாலும் பலன் உண்மையாக இருக்கலாம். அதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். சோதித்தும் இருக்கிறார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இந்தச் சிகிச்சையும் மற்றொரு குழுவுக்கு வேறொன்றும் கொடுத்து ஒப்பிடும் ஆய்வுகள் பல வந்துள்ளன.

நாள்பட்ட கீழ்முதுகுவலி பற்றிய 26 சோதனைகளை, மொத்தம் 6,070 பேரை, கோக்ரேன் அமைப்பின் 2011ஆம் ஆண்டு அறிக்கை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தது. மற்றச் சிகிச்சைகளைவிட இது குறுகிய காலத்தில் சற்றே கூடுதல் பலன் தந்தது; ஆனால், அந்த வித்தியாசம் நோயாளி உணரும் அளவுக்குப் பெரிதில்லை. புதிதாக வந்த வலி பற்றிய 20 சோதனைகளை மறுவருடம் பார்த்தபோது, ஒப்புக்குச் செய்த போலிச் சிகிச்சையைவிட இது மேல் என்று சொல்ல முடியவில்லை.

பின்னர் வந்த முடிவுகள் இன்னும் கொஞ்சம் சாதகமானவை. 2017ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வந்த தொகுப்பு, புதிய முதுகுவலி உள்ளவர்களுக்கு ஆறு வாரம்வரை வலி சற்றுக் குறைவதாகக் காட்டியது. எவ்வளவு? 100 புள்ளி அளவுகோலில் ஏறத்தாழ 10 புள்ளி. 2019ல் பிஎம்ஜே ஆய்விதழ் 47 சோதனைகளில் பங்கேற்ற 9,211 பேரின் விவரங்களை வெளியிட்டது. நாள்பட்ட வலிக்கு, உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகள் தரும் அளவு பலனை இதுவும் தருகிறது என்பது அதன் முடிவு.

உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட கீழ்முதுகுவலி வழிகாட்டியிலும், உடற்பயிற்சி, நோய் பற்றிய விளக்கம், மனநலச் சிகிச்சை ஆகியவற்றுடன் இதுவும் ஒரு தெரிவாக இடம்பெற்றிருக்கிறது. அதனால், “இது முழு ஏமாற்று” என்று சிரிப்பவர்களும் ஆதாரத்தைப் படிக்கவில்லை என்றே சொல்வேன்.

ஆக, நம் கேள்விக்குப் பதில் இதுதான். எதோடு ஒப்பிட்டு? ஒன்றுமே செய்யாமல் இருப்பதோடு ஒப்பிட்டால் சிறு நன்மை கிடைக்கலாம். உடற்பயிற்சியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய சமம். அற்புதம் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

“ஆனால், என் அம்மாவுக்குக் குணமானதே!” என்று நீங்கள் கேட்கலாம். அம்மாவுக்கு வலி குறைந்தது உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. நாம் எப்போது சிகிச்சைக்குப் போகிறோம் என்று யோசியுங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் போகிறோம். உச்சத்திலிருந்து வலி பெரும்பாலும் கீழேதான் இறங்கும். புதிதாக வரும் முதுகுவலி பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிகிறது. அந்த நேரத்தில் கைரோபிராக்டரிடம் போயிருந்தால் அவர் குணப்படுத்தியதாகத் தோன்றும். பாட்டி கோடாலித் தைலம் தேய்த்து நீவிவிட்டிருந்தால் பாட்டியின் கைராசி என்போம். அக்கறையான ஒருவர் நம் வலியைக் காதுகொடுத்துக் கேட்டு, கை வைத்துப் பார்ப்பதே ஆறுதல்தான். நம் வீடுகளில் சுளுக்கு எடுப்பவர்களுக்கு இது எப்போதோ தெரிந்த விஷயம்.

அப்படியானால் இதில் என்ன கெட்டுவிட்டது? சிறு பலன் உள்ள ஒன்றுக்குப் பணம் கொடுப்பது அவரவர் விருப்பம்தானே? இங்கேதான் என் கவலை தொடங்குகிறது.

என் அண்ணனுக்குத் தேசிய சேவை முடிந்த சில மாதங்களில் கீழ்முதுகில் வலி வந்தது. அவர் போன ஒரு நிலையத்தில் எக்ஸ்ரே எடுத்து, “உங்களுக்கு வயது 21, உங்கள் முதுகுத்தண்டுக்கு 40” என்றார்கள். 30 முறை வர வேண்டும், பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும், அன்றைக்கே கட்டினால் தள்ளுபடி என்றார்கள். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தை அண்ணன் கட்டினார். ஆறு வாரத்தில் வலி போய்விட்டது. ஆனால், அந்த ‘40’ போகவில்லை. காற்பந்தை விட்டுவிட்டார். அரிசி மூட்டையைத் தூக்கக்கூட யோசித்தார். கொஞ்சம் நேரம் உட்கார்ந்து எழுந்தாலே முதுகைத் தடவிப் பார்த்துக்கொள்வார். வலி இல்லாத ஓர் இளைஞர், தன் உடம்பைக் கண்ணாடிப் பாத்திரமாக நினைக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த எக்ஸ்ரே பேச்சுக்கு எதிராக ஒரு புள்ளிவிவரத்தை அண்ணனிடம் காட்டினேன். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்களைத் தொகுத்த ஆய்வு 2015ல் வெளிவந்தது. 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கு முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க்கில் தேய்மானம் தெரிந்தது. 30 விழுக்காட்டினருக்கு டிஸ்க் சற்று வெளியே பிதுங்கியிருந்தது. இவர்கள் யாருக்கும் வலி இல்லை! முகத்தில் சுருக்கம் விழுவதுபோல் முதுகுத்தண்டிலும் மாற்றங்கள் வருகின்றன. வலியோடு வந்தவரின் படத்தில் ஏதோ ஒன்று தெரிந்தால், அதுதான் வலிக்குக் காரணம் என்று உடனே சொல்லிவிட முடியாது. இங்கேயும் அதே கேள்விதான்: யாருடைய படத்தோடு ஒப்பிட்டு?

ஆபத்து பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் வலியும் இறுக்கமும் கூடுவது சாதாரணம். கழுத்தைச் சட்டென்று திருப்பும் முறையில்தான் பெரிய கவலை. கழுத்து வழியாக மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இவை அரிது. கனடாவின் ஒன்டாரியோவில் இத்தகைய 818 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்து 2008ல் வெளிவந்த ஆய்வு இன்னொரு கோணத்தையும் காட்டியது. பக்கவாதத்துக்கு முன் கைரோபிராக்டரைப் பார்த்திருந்ததைப் போலவே, குடும்ப மருத்துவரைப் பார்த்திருந்ததும் அதோடு தொடர்புடையதாக இருந்தது. ரத்தக்குழாய் ஏற்கெனவே கிழிந்து, அந்தக் கழுத்துவலியோடு அவர்கள் போயிருக்கலாம். ஆகவே, யார் மீதும் அவசரப்பட்டுப் பழி போட முடியாது. ஆனால், கிடைக்கும் பலன் சிறிதாக இருக்கும்போது, அரிதான பெரிய ஆபத்தைக்கூட எடைபோட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

முதுகைத் தாண்டி, குழந்தையின் விடாத அழுகை, காதுத் தொற்று, ஆஸ்துமா எல்லாவற்றையும் சரிசெய்வோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இத்தகைய வாக்குறுதிகளைக் கேள்வி கேட்டு 2008ல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் எழுதிய அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் மீது பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவதூறு வழக்குத் தொடுத்தது. அவர் பின்வாங்கவில்லை. 2010ல் சங்கம்தான் வழக்கைக் கைவிட்டது.

சிங்கப்பூரில் நாம் கூடுதல் கவனமாக இருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கே இயன்முறை சிகிச்சையாளர்கள் சட்டப்படி பதிவு செய்துகொண்ட பிறகே தொழில் செய்ய முடியும். கைரோபிராக்டர்களுக்கு அப்படிச் சட்டபூர்வப் பதிவு முறை இல்லை. பெயருக்கு முன் ‘டாக்டர்’ என்று இருந்தாலும் அது கைரோபிராக்டிக் பட்டத்தைக் குறிக்கலாம். மருத்துவப் பட்டமாக இருக்க வேண்டியதில்லை. நல்ல பயிற்சி பெற்று, நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால், நல்லவரையும் மற்றவரையும் பிரித்துப் பார்க்கும் வேலை இப்போது நோயாளியின் தலையில் விழுகிறது. வலியில் இருப்பவரிடம் அந்த வேலையைக் கொடுப்பது நியாயமா? பதிவு முறையைக் கொண்டுவருவது பற்றி சுகாதார அமைச்சு யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. நேர்மையான கைரோபிராக்டர்களுக்கும் அதனால் நன்மைதான்.

அதுவரை நாமே சில கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்வோம். எத்தனை முறை வர வேண்டும், எப்போது நிறுத்தலாம்? நான்கைந்து முறைக்குப் பின் முன்னேற்றம் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்? எக்ஸ்ரே ஏன் தேவை? ஒவ்வொரு முறையும் தனியாகப் பணம் கட்டலாமா? வீட்டில் செய்ய என்ன உடற்பயிற்சி சொல்லித் தருவீர்கள்? நல்ல சிகிச்சையாளர் இந்தக் கேள்விகளைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டார்.

சில அறிகுறிகள் இருந்தால் எந்த நிலையத்துக்கும் போகாமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும். காலில் பலம் குறைவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது ஆகியவை அவசரச் சிகிச்சை தேவைப்படுபவை. காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்து அடிபட்ட பின் வரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. மற்றபடி வலி தொடர்ந்தால் பலதுறை மருந்தகத்துக்குப் போய் ஆலோசனை பெறலாம். தேவைப்பட்டால் இயன்முறை சிகிச்சைக்குப் பரிந்துரைப்பார்கள். படுத்தே கிடக்காமல், முடிந்த அளவு நடமாடுவது நல்லது என்பதில் எல்லா வழிகாட்டிகளும் ஒத்துப்போகின்றன.

நம் வயதில் முதுகுத்தண்டு வலுவானது. வளையவும் சுமக்கவும் ஓடவும் அமைந்தது. அதை யாராவது அழுத்திவிடுவதால் கிடைக்கும் சிறு நிம்மதி வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு சேர்த்து, “நீ உடைந்திருக்கிறாய்” என்ற பயத்தையும் விற்க வந்தால் அதை மட்டும் வாங்காதீர்கள்.