விளக்கு எரிகிறது, மின்சாரம் ஏறவில்லை

மின்வாகனக் கடன் கேட்டு வருவோர் முன்பெல்லாம் இரண்டு கேள்விகளோடு எங்கள் மேசைக்கு வருவர்: வட்டி எவ்வளவு, வருமானவரிச் சலுகை உண்டா? இரண்டாவது கேள்விக்கு இப்போது விடை சுருக்கமானது. 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கே 80ஈஈபி பிரிவின்படி வட்டியில் ₹1,50,000 வரை கழிவு உண்டு. புதிய கடன்களுக்கு அது இல்லை. அண்மைக்காலமாக மூன்றாவது கேள்வி ஒன்று சேர்ந்திருக்கிறது. புனே கிளையில் ஒரு வாடிக்கையாளர் அதை இப்படிக் கேட்டார்: “சார், வண்டிக்குக் கடன் தருகிறீர்கள், சரி. நடுவழியில் சார்ஜர் வேலை செய்யாவிட்டால் நான் யாரைக் கேட்பது?”

எங்களிடம் விடை இருக்கவில்லை. அந்தக் கேள்வியின் அருமை, சில வாரங்களுக்குப் பின் சக அதிகாரி ஒருவரின் மின்காரில் கோலாப்பூர்க் கிளை ஆய்வுக்குச் சென்றபோதுதான் புரிந்தது. சாத்தாராவுக்கு அருகில் செயலி பச்சைப் புள்ளியாகக் காட்டிய முதல் சார்ஜரின் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. கம்பியின் முனைப்பூட்டு மட்டும் உடைந்து தொங்கியது. சற்றுத் தொலைவில் ஓர் உணவகத்து வளாகத்தில் இருந்த அடுத்த சார்ஜர் மூன்று முறை இணைந்து, மூன்று முறையும் துண்டித்தது. அதற்காகச் செயலியின் பணப்பையில் இட்ட ₹300 அங்கேயே தங்கிவிட்டது. மூன்றாவது நிலையத்தில் எந்தப் பழுதும் இல்லை. அதன் முன்னால் ஒரு டீசல் வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டுநர் எங்கோ போயிருந்தார். கடைசியில் கராடில் ஒரு மெதுவான சார்ஜரின் துணையோடு மூன்று மணிநேரம் தேநீர் குடித்தோம். ஆய்வுக்கு வரும் அதிகாரிகளே தாமதமாக வந்ததில் கோலாப்பூர்க் கிளையினருக்கு மகிழ்ச்சி என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நிலையங்கள் போதவில்லை என்பதே பொதுவான புகார். அதைத் தீர்க்க அரசு செலவிட்டுத்தான் வருகிறது. 2023இல் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் மூன்றுக்கும் 7,432 விரைவு மின்னேற்ற நிலையங்கள் அமைக்க ₹800 கோடி அனுமதிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘பி.எம். இ-டிரைவ்’ திட்டத்தின் ₹10,900 கோடியில் ₹2,000 கோடி பொது மின்னேற்ற நிலையங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. இலக்கு ஏறத்தாழ 72,300 சார்ஜர்கள். நகரங்களில் மூன்று கிலோமீட்டர்ச் சதுரக் கட்டத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலைகளின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று மின்துறை அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் இடைவெளியையும் வரையறுத்தன. இவை எல்லாம் நிறுவப்பட்டவற்றின் கணக்கு. இன்று காலை அவற்றில் எத்தனை மின்சாரம் தந்தன என்பது வேறு கணக்கு. பயணிக்கு வேண்டியது அந்த இரண்டாவது கணக்குத்தான்.

இந்த வேறுபாட்டை வங்கித்துறை ஏற்கெனவே பட்டு உணர்ந்திருக்கிறது. ஏ.டி.எம். பெருகிய காலத்தில் எத்தனை இயந்திரம் வைத்தோம் என்பதே எங்கள் பெருமையாக இருந்தது. இயந்திரம் நிற்கும், விளக்கு எரியும், குளிர்சாதனமும் ஓடும். பணம் மட்டும் இராது. வாடிக்கையாளர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, அடுத்த தெருவுக்கு நடப்பார். எங்கள் மாத அறிக்கையில் அந்த இயந்திரம் ‘இயங்குகிறது’ என்றே இருக்கும். 2021 ஆகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கி ஓர் ஆணை பிறப்பித்தது: ஒரு மாதத்தில் மொத்தம் பத்து மணிநேரத்துக்கு மேல் ஓர் ஏ.டி.எம்.மில் பணம் இல்லையென்றால், அந்த இயந்திரத்துக்கு ₹10,000 தண்டம். அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. எங்களில் பலர் முணுமுணுத்தோம் என்பதை ஒளிப்பானேன்? போக்குவரத்து நெரிசலையும், பண்டிகை நாள்களையும், பணம் நிரப்பும் நிறுவனங்களையும் காரணம் காட்டினோம். ஆயினும் எந்த இயந்திரத்தில் எப்போது பணம் தீரும் என்பதை முன்கூட்டியே கணக்கிடும் அக்கறை, தண்டம் வந்த பிறகுதான் எங்களுக்கு வந்தது.

அந்த ஆணையின் நுட்பம் தண்டத்தொகையில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது. இயந்திரம் வலையமைப்போடு இணைந்திருக்கிறதா என்று அது கேட்கவில்லை. பணம் இருந்ததா என்று கேட்டது. மின்னேற்றியிலும் அதே பிழை நேர வாய்ப்பு உண்டு. சார்ஜர் தன் தலைமைக் கணினிக்கு ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று இடைவிடாது செய்தி அனுப்பும். கம்பி உடைந்திருந்தாலும் அந்தச் செய்தி போய்க்கொண்டே இருக்கும். அதை இயங்கு நேரமாகக் கணக்கிட்டால், சாத்தாராவில் நாங்கள் கண்ட சார்ஜர் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும். ஆகவே இணைத்த வண்டிகளில் எத்தனைக்கு உண்மையில் மின்சாரம் ஏறியது என்பதையும் சேர்த்தே விதி அளக்க வேண்டும்.

பிறநாடுகள் இதில் முந்திவிட்டன. அமெரிக்காவில் கூட்டரசின் நிதியுதவி பெறும் மின்னேற்றிகள் ஆண்டு சராசரியாக 97 விழுக்காட்டுக்கு மேல் இயங்க வேண்டும் என 2023இல் விதிக்கப்பட்டது. கேட்க இனிமையான எண். ஆனால் மீதி மூன்று விழுக்காடு ஆண்டுக்கு ஏறத்தாழ பதினொரு நாள். பிரிட்டன் இன்னும் கண்டிப்பானது. 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் ஆற்றலுள்ள பொது மின்னேற்றிகளின் வலையமைப்பு ஒவ்வொன்றும் ஆண்டு சராசரியாக 99 விழுக்காடு நம்பகமாக இருக்க வேண்டும் என்னும் விதி அங்கே 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இருபத்துநான்கு மணிநேர உதவித் தொலைபேசியும் கட்டாயம். தவறினால் ஒரு மின்னேற்றிக்கு 10,000 பவுண்டு வரை தண்டம். எங்கள் ஏ.டி.எம். விதியின் பத்து மணிநேரத்தை முப்பது நாள் மாதத்துக்கு வகுத்தால், நாங்கள் காக்க வேண்டியது ஏறத்தாழ 98.6 விழுக்காடு. பணத்தாளை வண்டியில் ஏற்றிச்சென்று நிரப்பும் இயந்திரத்துக்கே அது இயலுமென்றால், கம்பிவழி மின்சாரம் வரும் இயந்திரத்துக்கு அதைக் கேட்பது மிகையன்று.

இந்தியாவில் சட்டத்தின் தொடக்கம் நன்றாகவே இருந்தது. மின்னேற்றுவது ஒரு சேவை, மின்சார விற்பனை அன்று; எனவே 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்கீழ் அதற்கு உரிமம் தேவையில்லை என்று 2018 ஏப்ரலில் மின்துறை அமைச்சகம் தெளிவுபடுத்தியது. யாரும் நிலையம் வைக்கலாம் என்னும் கதவு அதனால் திறந்தது. சரியான முடிவுதான். ஆனால் உரிமம் இல்லாத இடத்தில், பறிப்பதற்கும் ஏதும் இல்லை. வழிகாட்டி நெறி வழியைக் காட்டும்; தவறியவர் கையைப் பிடிக்காது. உரிமத்தை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பதிவும் அளவுகோலும் தண்டமும் போதும். மானியம் பெற்ற நிலையமென்றால் வழி இன்னும் எளிது. வீட்டுக்கடனை நாங்கள் அடித்தளம், சுவர், கூரை என்று கட்டங்கட்டமாகத்தான் விடுவிக்கிறோம். மானியத்தின் ஒரு பங்கையும் இரண்டு மூன்று ஆண்டுகள் நிறுத்திவைத்து, இயங்கிய நாள்களுக்கேற்ப விடுவிக்கலாம்.

பணப்பை விவகாரமும் எங்கள் துறைக்கு அருகிலுள்ளது. ஏ.டி.எம்.மில் கணக்கில் கழிந்து, பணம் வெளிவராவிட்டால் ஐந்து நாள்களுக்குள் தொகை திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு என்று 2019இல் ரிசர்வ் வங்கி விதித்தது. ஒரு நிறுவனம் தன் சொந்தச் சேவைக்கு மட்டும் வைத்திருக்கும் மூடிய பணப்பைக்கோ ரிசர்வ் வங்கியின் அனுமதியே தேவையில்லை; வைப்புக் காப்பீடும் அதற்கு இல்லை. ஐந்து செயலிகளில் ஐந்து முன்பணம் என்று முடங்கும் தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால் செயலியே இல்லாமல் யுபிஐ வழியாக நேரே செலுத்தும் வசதியை ஒவ்வொரு பொது மின்னேற்றியிலும் கட்டாயமாக்க எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. தெருமுனைக் காய்கறிக் கடையில் இருக்கும் வசதி அது.

நிலையம் நடத்துவோரின் தரப்பையும் கேட்க வேண்டும். அவர்களும் எங்கள் வாடிக்கையாளர்களே. நாளுக்கு நான்கைந்து வண்டிகள் மட்டுமே வரும் நெடுஞ்சாலை நிலையம், முதலை எடுக்கவே திணறுகிறது. கடனுக்காக எங்களிடம் வரும் திட்ட அறிக்கைகளில் இயந்திரத்தின் விலை, இடவாடகை, மின்இணைப்புச் செலவு எல்லாம் விரிவாக இருக்கும். பராமரிப்புக்கு ஒரு வரி, அதுவும் கடைசி வரி. வருவாய் குறைந்தால் முதலில் வெட்டப்படுவதும் அதுவே. அந்த வரியைப் பெரிதாக்கச் சொல்லும் பொறுப்பு, கடன் தரும் எங்களுக்கும் உண்டு. மின்வாரியத்தின் மின்தடைக்கும் புயலுக்கும் நிலையத்தாரைத் தண்டிப்பது அநீதி. அமெரிக்க விதியும் அத்தகைய நேரத்தைக் கழித்தே கணக்கிடுகிறது. ஆனால் உடைந்த கம்பி மாதக்கணக்கில் தொங்குவது இயற்கைச் சீற்றம் அன்று.

மூன்றாவது கேள்வி கேட்ட அந்த வாடிக்கையாளருக்குக் கடன் அனுமதிக்கப்பட்டது. வண்டி எடுத்த அன்று அவரிடம் நாங்கள் சொன்னவை: பயணத்தில் எப்போதும் அடுத்த நிலையத்துக்கும் போதுமான மின்சாரத்தை மிச்சம் வையுங்கள். பழுதான சார்ஜரைக் கண்டால் அதன் அடையாள எண்ணையும் நேரத்தையும் படம் எடுத்து வையுங்கள். பணம் திரும்பாவிட்டால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அவர் எண்ணைக் குறித்துக்கொண்டு, “இதுவாவது எப்போதும் வேலை செய்யுமா சார்?” என்றார்.