நல்ல கண்டிஷன், ஒரே ஓனர்!

‘மாருதி ஆம்னி விற்பனைக்கு. நல்ல கண்டிஷன். ஒரே ஓனர். நாலு டயரும் புதுசு.’

2019-ல் நான் கொடுத்த விளம்பரம் இது. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

வெளிநாட்டில் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த வண்டியை கேம்பர் வேன் என்கிறார்கள். எங்கள் வீட்டு கேம்பர் வேன் அந்த ஆம்னிதான். பாய், ஸ்டவ், புளிசாதம் சகிதம் கள்ளக்குறிச்சியில் கிளம்பி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறுவோம். வெள்ளிமலையில் டீ, மேகம் அருவியில் குளியல், தூக்கம் வண்டியிலேயே. 1984-ல் சந்தைக்கு வந்த அந்த வேனின் தயாரிப்பை மாருதி நிறுத்தியதும் அதே 2019-ல்தான். ‘இனிமே புதுசு கிடைக்காது சார், நல்ல விலை போகும்’ என்று புரோக்கரே வீடு தேடி வந்துவிட்டார்.

டீக்கடை பெஞ்சில் வியாபாரம் முடிந்தது.

‘ஃபாரம் 29-லயும் 30-லயும் கையெழுத்து மட்டும் போடுங்க சார். வாங்கறவர் பேரை நான் அப்புறமா எழுதிக்கறேன்.’

போட்டேன். நீங்களும் போட்டிருப்பீர்கள். பணத்தை எண்ணி வாங்கிய கையால் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுகிற அதிசயம் பழைய வண்டி வியாபாரத்தில் மட்டும்தான் நடக்கும்.

இரண்டு வருடம் கழித்து சம்மன் வந்தது. மலையடிவாரத்தில் மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு சாலையோரம் நின்ற ஒரு அம்மாவை வேன் இடித்து, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நான் விற்றபோது இருந்த இன்சூரன்ஸை அப்புறம் யாரும் புதுப்பிக்கவில்லை. வண்டி மூன்று கை மாறியிருந்தது. ஆர்.சி.யில் மட்டும் இன்னும் ‘ஒரே ஓனர்’. நான்தான்!

நான் பி.காம். படித்தவன். 1930-ம் வருடத்து சரக்கு விற்பனைச் சட்டத்தை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன். விலை பேசி, பணம் வாங்கி, சாவியைக் கொடுத்துவிட்டால் பொருள் வாங்கியவனுடையது. இதுதானே பாடம்? ‘வித்தாச்சுங்க, எனக்கும் அந்த வண்டிக்கும் சம்பந்தமே இல்லை’ என்று வக்கீலிடம் கத்தினேன். அவர் சிரித்தார். 1988-ம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டம் வேறு பாடம் நடத்துகிறது. பதிவேட்டில் யார் பெயரோ, அவரே ஓனர். விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் தெரிவிக்க வேண்டும் என்று 50-வது பிரிவு சொல்கிறது. இரண்டு பேருமே செய்யவில்லை என்றால்?

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. 2007-ல் ஒருவர் விற்ற கார் பல கை மாறி, 2009-ல் விபத்தில் ஓர் உயிரைப் பறித்தது. பதிவேட்டில் பெயர் மாறவே இல்லை. நஷ்டஈடு தர வேண்டியவர் பெயர் இருந்தவர்தான் என்றது கோர்ட்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் அந்த அம்மாவைக் கோர்ட் வராண்டாவில் பார்த்தேன். கைத்தடியோடு, மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த மலை அது. சாலையும் பஸ்ஸும் தாமதமாக வந்த மலை. அவர் எப்படித் தேடுவார், என் வண்டியை வாங்கியவன் யார், அவனிடம் வாங்கியவன் யார் என்று? அவர் கையில் இருந்தது ஒரு நம்பர் பிளேட். அந்த நம்பர் காட்டிய பெயர் என்னுடையது. கோர்ட் சொன்னது நியாயம் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. என் பங்கைக் கட்டினேன்.

‘நம்பிக்கையிலதான் சார் தொழிலே நடக்குது’ என்பார்கள். இது நம்பிக்கை இல்லை. பொறுப்பைத் தட்டிக்கழிக்க நாம் வைத்துக்கொண்டிருக்கிற செல்லப் பெயர். பெயர் மாற்றாமல் ஓடுகிற வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்ட எவனுக்கு அக்கறை? விபத்தானால் மாட்டப்போவது வேறு ஆள் என்று தெரிந்தவன் ஏன் பிரேக்கை மிதிக்கப் போகிறான்? 2025 நவம்பரில் டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் பல கை மாறியதுதான். போலீஸ் முதலில் போய் நின்றது பதிவேட்டில் பெயர் இருந்தவர் வீட்டு வாசலில்.

அரசாங்கம் சும்மா இல்லை. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்கள் அங்கீகாரம் வாங்க வேண்டும். வண்டியை அவர்களிடம் ஒப்படைத்ததை ஓனர் பதிவு செய்துவிட்டால், அதன்பின் பொறுப்பு டீலருடையது. நல்ல விதிதான். ஆனால் உங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் புரோக்கரிடம் அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். கேட்டவரைத்தான் பைத்தியம் மாதிரி பார்ப்பார். விதியைப் போட்டவர்கள் பெஞ்சு வரை வந்து பார்க்க வேண்டாமா? விற்றவர் தகவல் கொடுத்த அன்றே பதிவேட்டில் ‘விற்கப்பட்டது’ என்று ஏறிவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்?

அதுவரை நம் கையில் இருப்பது பேனா. வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எழுதாத ஃபாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பெயர் மாறும் வரை ஒரு தொகையை நிறுத்திவைத்துக் கொள்ளச் சொல்லுங்கள். ‘அப்படின்னா ஐயாயிரம் குறையும் சார்’ என்பார் புரோக்கர். குறையட்டும்.

டயரை உதைத்துப் பார்க்கிறோம், இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறோம். பேப்பரின் கண்டிஷனை யார் பார்க்கிறோம்? என் ஆம்னி நல்ல கண்டிஷனில்தான் இருந்தது. நான்தான் இல்லை.