விவாகரத்துச் சட்டமும் ஸர்வகலாசாலைகளும்

விவாகரத்தைப் பற்றி வாதிடுவோர் நம் நாட்டில் ஏராளம். அது தர்மத்துக்கு விரோதமென்று ஒரு சாராரும், ஸ்திரீகளின் விடுதலைக்கு இன்றியமையாததென்று மற்றொரு சாராரும் பல தலைமுறைகளாகக் கூறி வருகின்றனர். ஆனால் விவாகரத்துக் கோரி நியாயஸ்தலத்தின் படியேறுவோருக்கு அங்கே உண்மையில் என்ன நேருகிறது, அங்கிருந்து திரும்பிய பின் அவர்கள் எவ்வாறு ஜீவிக்கின்றனர் என்பதை நேரில் விசாரித்து அறிந்தவர்கள் மிகச் சிலரே. அறியாமலே சட்டம் செய்கிறோம். அறியாமலே சட்டத்தை எதிர்க்கவும் செய்கிறோம். இக்குறையை நீக்கும் கடமை முதன்மையாகச் சட்டக் கலாசாலைகளையும் ஸர்வகலாசாலைகளையும் சார்ந்ததென்பது நமது அபிப்பிராயம். அக்கடமையை ஒழுங்காகச் செய்தால் விளையும் நன்மைக்கு இங்கிலாந்தில் 2020ம் வருஷம் நிறைவேறிய சட்டம் தக்கதோர் உதாரணமாகும். இங்கிலாந்தின் சட்டத்தைப் பார்த்தே நமது சட்டமும் எழுதப்பட்டதாகையால், அவ்வரலாறு நமக்கு அயலாருடைய கதை அன்று.

இங்கிலாந்தில் 1857ம் வருஷத்துக்கு முன்னர் பூரண விவாகரத்துப் பெறவேண்டுமானால், ஒவ்வொருவருக்கும் பார்லிமெண்டு தனிச் சட்டமே இயற்றியாக வேண்டும். ஆகவே பெருஞ்செல்வர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. 1857ம் வருஷச் சட்டம் அவ்வதிகாரத்தைக் கோர்ட்டுக்கு மாற்றிற்று. எனினும், மனைவி சோரம் போனாளென்று மட்டும் ருஜுப்பித்தால் புருஷனுக்கு விடுதலை கிட்டிற்று. மனைவியோ, புருஷன் சோரம் போனதோடு கொடுமை, கைவிடுதல் போன்ற வேறொரு குற்றமும் செய்தானென்று காட்ட வேண்டியிருந்தது. இவ்வநீதி 1923ல்தான் நீங்கிற்று. 1937ல் கொடுமை, கைவிடுதல், தீராத சித்தப்பிரமை ஆகியவையும் தனித்தனிக் காரணங்களாகச் சேர்க்கப்பட்டன.

1969ல் நிறைவேறி 1971ல் அமலுக்கு வந்த சட்டம், மணவாழ்வு மீளமுடியாதபடி முறிந்துபோனதே விவாகரத்துக்கு ஒரே காரணமென்று கூறிற்று. ஆனால் அம்முறிவை ருஜுப்பிக்க ஐந்து வழிகளை விதித்தது: சோரம், கூடி வாழ இயலாத நடத்தை, இரண்டு வருஷம் கைவிடுதல், இருவரும் சம்மதித்தால் இரண்டு வருஷப் பிரிவு, ஒருவர் சம்மதியாவிடில் ஐந்து வருஷப் பிரிவு. இவற்றுள் முதலிரண்டு வழிகளுக்கு மட்டும் காத்திருக்க வேண்டுவதில்லை. விரைவில் விடுதலை வேண்டுவோர் எவ்வழியை நாடுவரென்று சொல்லவும் வேண்டுமோ? முன்வாசல் வழியாக அனுப்பப்பட்ட குற்றச்சாட்டு கொல்லைப்புறமாகத் திரும்பி வந்தது.

இம்முறையை ஆதரித்தவர்கள், குற்றத்தை ருஜுப்பிக்க வேண்டுமென்ற நிபந்தனை அவசரக்காரர்களைத் தடுத்து மணவாழ்வைக் காக்குமென்றனர். எதிர்த்தவர்கள், அது பகையை வளர்ப்பதன்றி வேறொன்றும் செய்யாதென்றனர். இவ்விரு கூற்றுகளில் எது மெய்யென்பது மேடைப் பிரசங்கத்தால் தீரக்கூடியதன்று. எக்ஸிடர் ஸர்வகலாசாலைப் பேராசிரியை லிஸ் டிரிண்டரும் அவரது கூட்டாளிகளும், நஃபீல்டு தர்ம ஸ்தாபனத்தின் பொருளுதவி பெற்று இவ்வேலையை மேற்கொண்டனர். கோர்ட்டுகளின் அநுமதியுடன் வழக்குக் கட்டுகளை எடுத்துப் படித்தனர். விவாகரத்துப் பெற்றோரைக் கண்டு விசாரித்தனர். பொதுஜனங்களின் அபிப்பிராயத்தையும் கணக்கெடுத்தனர். 2017ல் தங்கள் அறிக்கையை வெளியிட்டனர்.

அவர்கள் கண்டது யாது? 2015ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த விவாகரத்துகளில் நூற்றுக்குச் சுமார் 60 சோரத்தையோ நடத்தையையோ காரணமாகக் காட்டியவை. பக்கத்திலுள்ள ஸ்காட்லாந்திலோ அத்தகையவை நூற்றுக்கு 6 மட்டுமே. ஸ்காட்லாந்தின் புருஷர்களும் மனைவிகளும் இங்கிலாந்தாரைவிடப் பத்து மடங்கு நல்லவர்கள் என்று எவரும் சொல்லத் துணியார். அங்கே 2006ம் வருஷச் சட்டத்தால் பிரிந்திருக்க வேண்டிய காலம், சம்மதமிருந்தால் ஒரு வருஷமாகவும் இல்லாவிடில் இரண்டு வருஷமாகவும் குறைக்கப்பட்டது. ஆகையால் ஒருவர்மீது ஒருவர் பழி சுமத்தும் அவசியம் குறைந்தது. குற்றங்கள் பெருகுவது மனிதருடைய சுபாவத்தாலன்று, சட்டத்தின் அமைப்பாலென்பது இதனால் வெளியாயிற்று.

மேலும், குற்றவாளிகளென்று துணைவரால் குறிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 43 பேர் மனுவில் கூறிய காரணங்களை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் எதிர்த்து வழக்காடப் பொருளில்லாமையாலும் மனமில்லாமையாலும் வாளா இருந்தனர். எதிர்க்கப்படாத மனுக்களில் கூறியது மெய்யா பொய்யா என்று சோதிக்கக் கோர்ட்டுக்கு வழியுமில்லை. பழிகூறும் இம்முறை கசப்பை அதிகமாக்கிற்று என்று, மனுச் செய்தவர்களில் நூற்றுக்கு 62 பேரும் எதிர்த்தரப்பினரில் நூற்றுக்கு 78 பேரும் தெரிவித்தனர். மணவாழ்வைக் காப்பதாகச் சொல்லப்பட்ட நிபந்தனை, பெற்றோரிடையே எஞ்சியிருந்த நல்லெண்ணத்தையும் அழித்தது. அதன் கேடு பிள்ளைகளைச் சார்ந்ததென்று சொல்லத் தேவையில்லை.

அறிக்கை வெளிவந்த மறு வருஷமே ஒரு வழக்கு இவ்வுண்மையை நாடறியச் செய்தது. 1978ல் விவாகமான ஒரு மாது, புருஷனுடைய நடத்தையைக் காரணங்காட்டி விடுதலை கோரினார். கீழ்க்கோர்ட்டு, மணவாழ்வு முறிந்துவிட்டதென்று கண்டும், காட்டிய குற்றங்கள் போதாவென்று மனுவைத் தள்ளிற்று. 2018ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. சட்டத்தை மாற்றுவது பார்லிமெண்டின் பொறுப்பென்று நியாயாதிபதிகள் மனக்குறையுடன் கூறினர். அம்மாது ஐந்து வருஷப் பிரிவு பூர்த்தியாகும்வரை காத்திருக்கலாயிற்று. அதன் பின்னர் சர்க்கார் ஆராய்ச்சியின் முடிவுகளை ஆதாரமாகக் கொண்டு மசோதா கொணர்ந்தது. 2020 ஜூனில் சட்டமாகி 2022 ஏப்ரல் 6ந் தேதி அமலுக்கு வந்த அவ்வேற்பாட்டின்படி, மணவாழ்வு முறிந்ததென்று ஒருவரோ இருவரும் சேர்ந்தோ எழுதிக்கொடுத்தால் போதும். குற்றம் சாட்ட வேண்டுவதில்லை. ஆனால் மனுச் செய்த நாள்முதல் 20 வாரம் கழிந்த பின்னரே முதலுத்தரவும், அதற்கு மேல் 6 வாரம் கழிந்த பின்னரே முடிவான உத்தரவும் பெறலாம். அவசரத்தைத் தடுப்பது காலத்தின் வேலை, பழியின் வேலையன்று என்பதே இதன் தத்துவம்.

ஆராய்ச்சி எப்பொழுதும் சீர்திருத்தத்துக்குத் துணையாகவே இருக்குமென்று எண்ணலாகாது. இதே இங்கிலாந்தில் 1996ல் இயற்றிய ஒரு சட்டம், விவாகரத்துக் கோருவோர் முதலில் ஒரு தகவல் கூட்டத்துக்கு வந்து விஷயங்களை அறிந்துகொள்ள வேண்டுமென்றது. அதனைச் சில இடங்களில் பரீக்ஷார்த்தமாக நடத்திப் பார்த்து, பலனை ஆராயும் பொறுப்பு நியூகாஸில் ஸர்வகலாசாலையாருக்கு அளிக்கப்பட்டது. எதிர்பார்த்த பலன் இல்லையென்று அவர்கள் கண்டனர். 2001ல் சர்க்கார் அப்பகுதியை அமலுக்குக் கொண்டுவருவதில்லையென்று அறிவித்துவிட்டது. நல்லெண்ணத்துடன் செய்த சட்டமும் பரீக்ஷையில் தேறாவிடில் கைவிடத்தக்கதே.

ஆராய்ச்சியாளரும் தவறக்கூடும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம் குற்றமின்றி விவாகரத்து வழங்கும் சட்டத்தை 1970ல் அமலாக்கிற்று. 1985ல் லெனோர் வைட்ஸ்மன் என்னும் பேராசிரியை வெளியிட்ட நூலில், விவாகரத்துக்குப் பின் மனைவியின் வாழ்க்கைத் தரம் நூற்றுக்கு 73 வீதம் வீழ்வதாகவும், புருஷனுடைய தரம் நூற்றுக்கு 42 வீதம் உயர்வதாகவும் கூறினார். அவ்வெண்கள் பத்திரிகைகளிலும் சட்ட சஞ்சிகைகளிலும் கோர்ட்டுத் தீர்ப்புகளிலும் வேதவாக்காக எடுத்தாளப்பட்டன. பதினோரு வருஷம் கழித்து 1996ல் ரிச்சர்டு பீட்டர்ஸன் என்பவர் அதே விவரங்களை மறுபடியும் கணக்கிட்டு, மனைவியின் வீழ்ச்சி 27 வீதம், புருஷனுடைய உயர்வு 10 வீதமென்று நிரூபித்தார். கணக்கில் பிழை நேர்ந்ததை முதலாசிரியையும் ஒப்புக்கொண்டார். பெண்களுக்கு நஷ்டமென்ற மூலக்கருத்து பொய்யாகவில்லை. ஆனால் அதன் அளவு வெகுவாக மிகைப்பட்டிருந்தது. சேகரித்த விவரங்கள் காப்பகத்தில் பத்திரமாயிருந்தமையாலும், வேறொருவர் அவற்றைச் சரிபார்க்க முடிந்தமையாலும் உண்மை வெளிவந்தது. ஒருவர் சொன்ன எண்ணை நூறு பேர் திருப்பிச் சொல்வதனால் அது பிரமாணமாகிவிடாது.

இனி, நம் நாட்டைப் பார்ப்போம். கிறிஸ்தவர்களுக்கென்று 1869ல் ஆங்கிலேயர் இயற்றிய சட்டம், இங்கிலாந்தின் 1857ம் வருஷச் சட்டத்திலிருந்த அதே அநீதியை இங்கே நட்டது. தங்கள் நாட்டில் 1923ல் அவர்கள் பிடுங்கியெறிந்த முள்ளை நாம் 2001ம் வருஷம்வரை, அதாவது சுதந்திரம் பெற்று 54 வருஷம் கழியும்வரை, நீர் வார்த்துக் காத்தோம். ஹிந்துக்களுக்காகச் சென்னை மாகாண சட்டசபை 1949ல் பலதாரத் தடையும் விவாகரத்தும் பற்றிய சட்டத்தை நிறைவேற்றிற்று. தேசம் முழுமைக்கும் 1955ல் ஹிந்து விவாகச் சட்டம் வந்தது. அதன் 13வது ஷரத்தில் அடுக்கப்பட்ட குற்றங்களில் பெரும்பாலானவை ஆங்கிலச் சட்டத்தின் சாயலே. 1976ல் பரஸ்பர சம்மதத்தால் விவாகரத்து சேர்க்கப்பட்டது. ஒருவர் சம்மதியாவிடில், மற்றவர் குற்றத்தையே தேடியாக வேண்டும்.

மணமுறிவையே காரணமாக ஏற்கவேண்டுமென்று சட்டக் கமிஷன் 1978லும், மறுபடியும் 2009லும் சிபார்சு செய்தது. 2010ல் கொணர்ந்த மசோதா 2013ல் ராஜ்ய சபையில் நிறைவேறியும், 2014ல் லோக சபை கலைந்ததோடு மடிந்தது. 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் கொண்ட பெஞ்சு, அரசியல் சாஸனத்தின் 142வது ஷரத்தின்படி மணமுறிவைக் காரணமாகக் கொண்டு தான் விவாகரத்து வழங்கலாமென்று தீர்ப்பளித்தது. ஆனால் இவ்வதிகாரம் மற்றக் கோர்ட்டுகளுக்கு இல்லை. இதன் பொருள் யாது? 1857க்கு முன் இங்கிலாந்தில் பார்லிமெண்டுவரை செல்லப் பொருளுள்ளவனுக்கு மட்டும் வழியிருந்தது போல, இங்கே தில்லிவரை சென்று வழக்காட வல்லவர்களுக்கு ஒரு நியாயம், மதுரையிலும் சேலத்திலும் குடும்ப நீதிமன்றத் திண்ணையில் காத்திருக்கும் ஏழைகளுக்கு வேறொரு நியாயம்.

அப்படியானால் இங்கிலாந்தின் புதிய சட்டத்தை அப்படியே எழுதிக்கொள்ளலாமே என்று சிலர் கூறக்கூடும். அதனை நாம் அங்கீகரிக்கவில்லை. பழையதைக் கண்மூடிப் பிரதியெடுத்ததே தவறாயிருக்க, புதியதையும் அவ்வாறே பிரதியெடுப்பது எவ்வாறு விவேகமாகும்? இங்கிலாந்தில் விவாகரத்தோடு இருவரது சொத்தையும் ஆராய்ந்து பங்கிட்டளிக்கக் கோர்ட்டுக்கு விரிந்த அதிகாரமுண்டு. நமது ஹிந்து விவாகச் சட்டத்தில் ஜீவனாம்சம் உண்டேயன்றி, மணவாழ்வில் புருஷன் பெயரால் சேர்ந்த சொத்தில் மனைவிக்குப் பங்கு கேட்கும் உரிமையில்லை. இருபது வருஷம் அடுப்படியிலும் வயற்காட்டிலும் உழைத்தவள் வெறுங்கையுடன் பிறந்தகம் திரும்புவதை எளிதாக்குவது விடுதலையன்று. வக்கீல் கீர்த்தி சிங், பிரிந்து வாழும் ஸ்திரீகளின் பொருள் நிலையைப் பற்றி நேர் விசாரணை செய்து 2013ல் வெளியிட்ட நூல் இந்நிலையையே எடுத்துக்காட்டுகிறது. அதே சமயம், சொத்துரிமை கிட்டாததையே சாக்காக வைத்து, இறந்துபோன மணவாழ்வில் ஸ்திரீகளையும் புருஷர்களையும் கட்டிவைப்பதும் தர்மமாகாது. இரண்டையும் ஒருங்கே தீர்க்க வேண்டும். தீர்க்க வேண்டுமானால் உண்மை தெரிய வேண்டும்.

அவ்வுண்மையை நம் சட்டக் கலாசாலைகள் தேடுகின்றனவா? சென்னைச் சட்டக் கலாசாலை 1891ல் நிறுவப்பட்டது. குடும்பச் சட்டம் இன்று எல்லாச் சட்ட மாணாக்கருக்கும் இரண்டு கட்டாயப் பாடங்களாக விதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அப்போதனை ஷரத்துகளையும் தீர்ப்புகளையும் நெட்டுருப் போடுவதோடு நின்றுவிடுகிறது. 1984ம் வருஷக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின்படி வக்கீலை வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமையன்று என்று மாணாக்கன் எழுதுவான். வக்கீலில்லாத ஒரு குடியானவப் பெண் அங்கே தன் வழக்கை எவ்வாறு எடுத்துரைக்கிறாள் என்பதை அவன் கண்டதில்லை. இதைவிட வெட்கத்துக்குரிய விஷயமும் உண்டு. ஹிந்துச் சட்டத்தைப் பற்றி நம் காலத்து நிபுணர்கள் பிரமாணமாகக் கொள்ளும் நூல்களிற் பல, லண்டன் ஸர்வகலாசாலையில் போதித்த டங்கன் டெரட் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் எழுதியவை. 1976ம் வருஷத் திருத்தத்தைக் கண்டித்து 1978ல் அவர் ஒரு தனி நூலே வெளியிட்டார். அவரது புலமையை நாம் மதிக்கிறோம். ஆயினும் நம் வீட்டுக் கணக்கை அயலார் எழுதிக் காட்ட நாம் படிப்பதென்பது சுதந்திர தேசத்தின் கௌரவத்துக்கு ஏற்றதாகுமா?

செய்ய வேண்டுவன பல. முதலாவதாக, விவாக வழக்குகளின் விவரங்களை வெளியிடலாகாதென்று சட்டம் விதித்திருப்பது நியாயமே. எனினும் பெயரையும் ஊரையும் நீக்கி, தகுதியுள்ள ஆராய்ச்சியாளர்கள் கட்டுகளைப் படிக்க ஹைக்கோர்ட்டுகள் ஓர் ஒழுங்கான முறையை ஏற்படுத்த வேண்டும். இரண்டாவதாக, சட்டப் பேராசிரியர்களும் பொருளாதார, சமூக சாஸ்திர நிபுணர்களும் ஒன்றுகூடி, உத்தரவான ஜீவனாம்சம் மெய்யாகவே கைக்கு வந்து சேருகிறதா என்பதை ஜில்லா ஜில்லாவாகக் கணக்கெடுக்க வேண்டும். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இருதரப்பாரும் தங்கள் சொத்து, வருமானங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டுமென்று உத்தரவிட்டது. ஆராய்ச்சிக்கு இதனினும் சிறந்த ஆதாரம் வேண்டுமோ? மூன்றாவதாக, சேகரித்த விவரங்களைக் காப்பகங்களில் வைத்துப் பிறர் சரிபார்க்க இடந்தர வேண்டும். நான்காவதாக, மாணாக்கர்களைக் குடும்ப நீதிமன்றங்களுக்கும் இலவசச் சட்ட உதவி நிலையங்களுக்கும் அனுப்பி, அங்கே கண்டதைத் தாய்மொழியில் எழுதச் செய்ய வேண்டும்.

1945ல் ஸர் பெனகல் நரசிங்கராவ் தலைமையில் ஹிந்துச் சட்டக் கமிட்டி சென்னை உட்படத் தேசமெங்கும் சுற்றி, ஆதரிப்போரையும் எதிர்ப்போரையும் நேரில் அழைத்துக் கேட்டது. அந்நியர் ஆட்சியிலேயே அவ்வளவு செய்ய முடிந்ததானால், நம்மவர் ஆட்சியில் அதனினும் செவ்வையாகச் செய்ய என்ன தடை? அடுத்த விவாகரத்து மசோதா சட்டசபைக்கு வருமுன், அதற்கு ஆதாரமான உண்மைகள் கலாசாலைகளிலிருந்து வந்திருக்க வேண்டும். தேசத் தொண்டில் ஈடுபட்டவர்கள் தத்தம் ஜில்லாவிலுள்ள சட்டக் கலாசாலைகளையும் சட்டசபை அங்கத்தினர்களையும் இதுபற்றிக் கேட்கத் தொடங்குவார்களாக. கேள்வி கேட்கும் ஜனங்களுக்கே நல்ல சட்டம் கிட்டும்.